அவிநாசியில் இருண்ட காலை

கார்த்திகை மாதத்தின் கடைசி நாட்கள். 1871 டிசம்பர் 12, செவ்வாய்க்கிழமை. சூரியன் எழுந்து வெகு நேரம் ஆகியிருக்கவில்லை. கட்டுத்தரையில் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு ஆட்கள் காட்டுக்குக் கிளம்பும் அந்த வேளையில் அவிநாசியில் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்த சூரியன் கடைசியில் முழுதாக மறைந்தது. ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஊர்மேல் இருட்டு நின்றது.

அந்த இரண்டு நிமிடத்துக்காகவே சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்திலிருந்து ஒரு குழு தொலைநோக்கிகளையும் நிறமாலைக் கருவிகளையும் கட்டி எடுத்துக்கொண்டு அவிநாசிக்கு வந்து இறங்கியிருந்தது. அக்கால ஆங்கில ஏடுகளில் ஊரின் பெயர் ‘அவெனாஷி’ என்று காணப்படுகிறது. கோயம்புத்தூர் ஜில்லாவின் ஓர் ஊராக அப்போது இருந்த அவிநாசி, 2009-இல் பிறந்த திருப்பூர் மாவட்டத்துக்குள் இன்று இருக்கிறது. திருப்பூரின் பழைய கதையைச் சொல்கிறவர்கள் பருத்திச் சந்தையிலிருந்து தொடங்குவார்கள், கொடி காத்த குமரனைச் சொல்வார்கள், முதல் பனியன் கம்பெனிகளைச் சொல்வார்கள். சூரியனைப் படிக்க ஒரு குழு வந்து முகாமிட்ட காலையை யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய கதை அது.

சந்திரனின் நிழல் அன்று மேற்குக் கடற்கரையில் பேக்கல் கோட்டைப் பக்கம் கரையேறி, நீலகிரி மலையைத் தாண்டி, கொங்கு நாட்டுச் சமவெளியில் இறங்கி, புதுக்கோட்டை வழியாகப் போய்ப் பாக்கு நீரிணையைக் கடந்து யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையும் தொட்டது. அந்தக் கோடு நெடுகிலும் ஆங்காங்கே வானியலாளர்கள் காத்திருந்தார்கள். பேக்கலில் இங்கிலாந்தின் நார்மன் லாக்கியர். ஊட்டியை அடுத்த சோலூரில் பிரான்சின் ஜூல்ஸ் ஜான்சென். தொட்டபெட்டா உச்சியில் கர்னல் டென்னன்ட். புதுக்கோட்டையில் ரோமாபுரி வானாய்வகத்தின் லொரென்சோ ரெஸ்பிகி. இந்த வரிசையின் நடுவில் இருந்தது அவிநாசி.

ஊரைத் தேர்ந்ததற்கு வானக் கணக்கு ஒரு காரணம். போக்குவரத்தும் கைகொடுத்திருக்கும். சென்னையிலிருந்து மேற்குக் கரையின் பேப்பூர் வரை ரயில் பாதை 1862-இலேயே முடிந்துவிட்டது. ஈரோட்டுக்கும் போத்தனூருக்கும் இடையே அது திருப்பூரைத் தொட்டுக்கொண்டு போகிறது. அங்கிருந்து அவிநாசிக்குப் பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை. கனத்த பித்தளைக் கருவிகளையும் கண்ணாடி வில்லைகளையும் உடையாமல் கொண்டுபோக வேண்டியவர்களுக்கு அது பெரிய வசதி.

இந்த இடத்தில் அவிநாசிக் கோயிலை நினைக்காமல் இருக்க முடியாது. முதலை விழுங்கிய சிறுவனை, ஆண்டுகள் சில கழிந்த பிறகு, சுந்தரர் பதிகம் பாடி மீட்டார் என்பது திருப்புக்கொளியூர் என்ற பழம்பெயர் கொண்ட இவ்வூரின் தலபுராணம். பாம்பு விழுங்கிய சூரியன் திரும்பி வருவதைப் பார்க்க இதைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறதா என்ன?

அன்றைய விஞ்ஞானிகளை உறுத்திய கேள்வி ஒன்று உண்டு. முழுக் கிரகணத்தின்போது கறுத்த வட்டத்தைச் சுற்றி வெள்ளியை உருக்கி ஊற்றியதுபோல் ஓர் ஒளி பரவும். கொரோனா என்று அதற்குப் பெயர். அது சூரியனைச் சேர்ந்ததா, சந்திரனைச் சுற்றியுள்ள ஏதாவது காற்றா, அல்லது நம் பூமியின் வளிமண்டலம் காட்டும் மாயமா? யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரே கிரகணத்தைப் பக்கத்துப் பக்கத்தில் நின்று பார்த்து வரைந்தவர்களின் படங்களே ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இரண்டு நிமிடப் பதற்றத்தில் கண் ஒன்றைப் பார்க்கும், கை வேறொன்றை வரையும்.

இதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1868 ஆகஸ்ட் 18 அன்று, ஆந்திரக் கரையில் குண்டூர், மசூலிப்பட்டினம் மேல் விழுந்த முழுக் கிரகணத்தில் சூரிய விளிம்பின் ஒளியில் ஒரு மஞ்சள் கோடு பதிவானது. அந்தக் கோட்டுக்குரிய பொருள் எதுவும் பூமியில் அப்போது அறியப்பட்டிருக்கவில்லை. ‘ஹீலியம்’ என்று லாக்கியர் அதற்குப் பெயர் வைத்தார். 1895-இல்தான் பூமியில் அது கைக்குக் கிடைத்தது. மசூலிப்பட்டினத்தில் அந்தக் கோட்டைக் குறித்தவர்களில் ஒருவர், சென்னை வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன். நட்சத்திரங்களின் பிரகாசத்தை அளக்க இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படும் அளவுகோலை 1856-இல் வகுத்தவர் அவர்தான். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் பிரகாசத்தில் 2.512 மடங்கு வித்தியாசம் என்பது அவர் கணக்கு. 1861-இல் சென்னைக்கு வந்தவர், 1891-இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

ஜான்செனின் கதை தனி. 1870 டிசம்பரில் அல்ஜீரியாவின் ஓரான் நகரில் ஒரு முழுக் கிரகணம். அப்போது பாரிஸ் நகரைப் பிரஷ்யப் படை முற்றுகையிட்டிருந்தது; யாரும் வெளியேற முடியாது. ஜான்சென் ஒரு பலூனில் ஏறி, எதிரிப் படையின் தலைக்கு மேலாகப் பறந்து தப்பி, ஓரான் வரை போய்ச் சேர்ந்தார். கிரகண நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது! அத்தனை தூரம் ஓடியும் ஒன்றும் பார்க்காமல் திரும்பியவர், அடுத்த ஆண்டே நீலகிரிக்கு வந்தார். சோலூரில் வானம் அவரைக் கைவிடவில்லை. கொரோனா ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது சூரிய ஒளிக்கே உரிய கரிய கோடுகள் அதில் மெல்லியதாகத் தெரிந்தன. சூரியனைச் சுற்றிச் சூரிய ஒளியைச் சிதறடிக்கும் பொருள் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

இன்னொரு சாட்சி புகைப்படம். பேக்கலிலும் தொட்டபெட்டாவிலும் தனித்தனியே படம் எடுத்தார்கள். அந்தக் காலத்துப் படமெடுப்பு இன்றைய செல்பேசிக்காரர்களுக்குக் கற்பனைக்கும் எட்டாது. கண்ணாடித் தகட்டின்மேல் ரசாயனப் பசையை ஊற்றிப் பரப்பி, வெள்ளி உப்புக் கரைசலில் முக்கி, ஈரம் காயும் முன்பே கேமராவில் வைத்து ஒளியைக் காட்ட வேண்டும். எடுத்த கையோடு இருட்டுக் கூடாரத்துக்குள் ஓடிக் கழுவ வேண்டும். மலை உச்சியில், டிசம்பர் காலைக் குளிரில் இதைச் செய்தார்கள். கடலோரம் எடுத்த படமும் எட்டாயிரம் அடிக்கு மேல் எடுத்த படமும் கொரோனாவின் அதே கதிர்களை, அதே பிளவுகளைக் காட்டின. இடையில் இருப்பது நூறு மைலுக்கும் மேல். பூமியின் காற்று செய்யும் மாயமாக இருந்தால் இரண்டு இடத்திலும் ஒரே வடிவம் வராது. கொரோனா சூரியனுடையதே என்ற தீர்ப்பு அங்கே உறுதிப்பட்டது.

குழுவாகக் கூடி வானம் பார்ப்பதன் பலம் இதுதான். ஒருவர் பார்த்ததை இன்னொருவர் பார்த்ததோடு வைத்துப் பார்க்கலாம். ஓரிடத்தில் மேகம் மறைத்தால் அடுத்த ஊர் கைகொடுக்கும். ஒருவர் நொடிகளை உரக்க எண்ண, ஒருவர் வரைய, ஒருவர் நிறமாலைக் கருவியை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருக்க, ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை என்று பிரித்துக்கொண்டு நடத்தும் பழக்கம் அன்றைய கிரகண முகாம்களில் வழக்கமாக இருந்தது.

அவிநாசிக்கு வந்த குழுவில் தமிழ் வாசகர்கள் அவசியம் அறிய வேண்டிய ஒருவர் இருந்தார். சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சிறு வயதிலேயே சென்னை வானாய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து, தன் உழைப்பால் முதல் உதவியாளர் பதவிவரை உயர்ந்தவர். 1867-இல், தெற்கு வானத்தின் ரெட்டிகுலம் என்ற சிறு மண்டலத்தில் இருக்கும் ஒரு நட்சத்திரம் கூடியும் குறைந்தும் ஒளிர்வதைக் கண்டுபிடித்தார். நவீன வானியலில் இந்தியர் ஒருவரின் பெயரில் நிற்கும் முதல் கண்டுபிடிப்பு என்று அதைச் சொல்வார்கள். 1868 கிரகணத்துக்கு நிஜாம் ராஜ்ஜியத்து வனபர்த்திக்குப் போனார். 1871-இல் அவிநாசிக்கு வந்தார். அதற்கு அடுத்த ஆண்டு லண்டன் ராயல் வானியல் கழகம் அவரைத் தன் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

அவருடைய பெருமையை இந்தப் பட்டியலோடு முடித்துவிட முடியாது. தான் கண்டதை ஜனங்களிடம் கொண்டுபோக வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு இருந்தது. 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி கிரகம் சூரியனைக் குறுக்கே கடக்க இருந்தபோது, அது என்ன, எப்படி நிகழ்கிறது, எதற்காக உலகமே அதைப் பார்க்கத் துடிக்கிறது என்று எளிமையாக விளக்கிச் சிறுநூல் எழுதினார். இந்திய மொழிகள் பலவற்றில் அதை வெளியிட ஏற்பாடு செய்தார். பஞ்சாங்கத்தையும் அவர் விடவில்லை. தொலைநோக்கியில் பார்க்கும் வானமும் பஞ்சாங்கம் சொல்லும் வானமும் ஒத்துப்போக வேண்டும் என்று, கண்ணால் கண்ட கணக்கை அடிப்படையாக வைத்துத் திருக்கணித முறையில் பஞ்சாங்கம் வெளியிட்டார். வாக்கியமா, திருக்கணிதமா என்று சனிப்பெயர்ச்சி தோறும் வீடுகளில் இன்றும் நடக்கும் வாதத்தின் வேர், அவர் காலத்து இந்த முயற்சிகள்வரை போகிறது. 1880-இல் அவர் மறைந்தார்.

பழைய வாக்கிய முறையைக் குறைத்து மதிப்பிடுவதும் நியாயம் ஆகாது. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன், 1825-இல் வெளிவந்த தன் ‘கால சங்கலிதம்’ நூலில் ஒரு காட்சியைப் பதிவு செய்திருக்கிறார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி வைத்து, அட்டவணைகளை எல்லாம் மனப்பாடமாக வைத்துக்கொண்டு, அந்த ஆண்டு மே மாத இறுதியில் வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவர் கணக்கு நான்கு நிமிடம்தான் தவறியது. காகிதம் இல்லை, பென்சில் இல்லை. சோழியை நகர்த்திச் செய்த கணக்கு. முடியும் நேரத்தில் பிழை ஐம்பது நிமிடத்தை ஒட்டிப் போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரகுநாதாச்சாரி திருத்த நினைத்தது இப்படிப்பட்ட விலகல்களைத்தான்.

அவிநாசியில் கூடாரம் பிரித்தார்கள், கருவிகள் சென்னைக்குத் திரும்பின. 1899-இல் வானாய்வகத்தின் முக்கிய வேலைகள் கொடைக்கானலுக்குப் போயின. 1909-இல் அங்கே ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். சமவெளியில் இருந்தவர்களுக்கு வானத்தோடு இருந்த உறவு வேறு மாதிரி. விடிவெள்ளி எழுவதைப் பார்த்துக் கவலை பூட்டுவதும், கார்த்திகை மீன்கூட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சாமம் சொல்வதும் கடிகாரம் இல்லாத காலத்துக் குடியானவர் வாழ்க்கையில் அன்றாடம். 1910-இல் ஹாலி வால்வெள்ளி வந்தபோது புதுச்சேரியில் இருந்த பாரதி ‘சாதாரண வருஷத்துத் தூமகேது’ என்று கவிதையே எழுதினார். அடுத்த முறை அது 1986-இல் வந்தது. அதற்குள் நம் ஊர்களில் மின்விளக்கு வந்து, கடிகாரம் வந்து, மோட்டார் பம்பு வந்து, வானத்தைப் பார்க்க வேண்டிய தேவையே மெல்ல மறைந்திருந்தது.

திருப்பூரில் அது வேகமாகவே நடந்தது. வறண்ட பூமி, குறைந்த மழை, கிணற்றில் தண்ணீர் இல்லை. காட்டை விட்டுவிட்டுப் பலரும் பனியன் கம்பெனிக்கு வந்தார்கள். பின்னர் மதுரை, தேனி, நெல்லைப் பக்கத்து ஜனங்கள் வந்தார்கள். இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வருகிறார்கள். ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாயைத் தாண்டிய ஏற்றுமதி இந்த ஊருடையது. கப்பல் தேதி நெருங்கினால் ராத்திரி பகல் கிடையாது. டைலரும், அவருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியும், செக்கிங்கில் நிற்கும் பெண்ணும் டியூப்லைட் வெளிச்சத்தில் விடியவிடிய வேலை பார்ப்பார்கள். உலகத்துக்கே உள்ளாடை தைத்துக் கொடுக்கும் ஊர், தன் தலைக்கு மேல் இருக்கும் வானத்தை இழந்திருக்கிறது. பதினோரு டிகிரி அட்சரேகையில் இருக்கும் திருப்பூரில் துருவ நட்சத்திரம் வடக்கே தொடுவானிலிருந்து பதினோரு டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அடுத்த தெருக் கம்பெனியின் மாடியும் அதன் விளக்கும் அதை மறைத்துவிடுகின்றன.

கிரகணத்தைப் பற்றிய பயமோ போகவில்லை. 1980 பிப்ரவரி 16 அன்று கர்நாடகம், ஆந்திரம் வழியாக ஒரு முழுக் கிரகணம் போனபோது நாட்டின் பல நகரங்களில் தெருக்கள் வெறிச்சோடின. ஜனங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்று தூர்தர்ஷன் சினிமா போட்டது. அதே 1980-இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் உருவானது. 1987-இல் சிறுவர்களுக்கான ‘துளிர்’ மாத இதழ் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சந்திரனையும் சனியின் வளையத்தையும் காட்டிய தன்னார்வலர்கள் இல்லாவிட்டால் அடுத்து நடந்தது நடந்திருக்காது.

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை. அவிநாசியில் இருட்டிய அந்தக் காலைக்குப் பிறகு நூற்று நாற்பத்தெட்டு ஆண்டும் பதினான்கு நாளும் கழிந்திருந்தன. சந்திரனின் நிழல் மீண்டும் ஏறத்தாழ அதே வழியில் வந்தது. காசர்கோடு, ஊட்டி, கோவை, திருப்பூர், கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை, கடல் தாண்டி யாழ்ப்பாணம், திருகோணமலை. இம்முறை சந்திரன் பூமியிலிருந்து சற்றுத் தள்ளி இருந்ததால் சூரியனை முழுதும் மூட முடியவில்லை. ஓரத்தில் நெருப்பு வளையம் மிஞ்சும் கங்கண கிரகணம். காலை எட்டு மணியைத் தாண்டித் தொடங்கி, ஒன்பதரை மணியை ஒட்டி வளையம் தெரிந்து, பதினொன்றே கால் மணிக்குள் முடிந்துவிட்டது.

அரையாண்டு விடுமுறை என்பதால் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். அறிவியல் இயக்கத்தாரும் வானியல் ஆர்வலர்களும் கிரகணப் பாதையில் இருந்த ஊர்களில் சூரியக் கண்ணாடிகளைக் கொடுத்து, தொலைநோக்கி வழியாகச் சூரிய பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழச் செய்து காட்டினார்கள். மேகம் விட்ட இடங்களில் எல்லாம் ஜனங்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கருவி எதுவும் இல்லாதவர்களுக்கும் அன்று ஒரு காட்சி காத்திருந்தது. வேப்ப மரத்தடியில் இலை இடுக்குகளில் விழும் வெயில் புள்ளிகள் ஒவ்வொன்றும் பிறையாக மாறும். வளையம் பூரணமாகும்போது மரத்தடி முழுக்கக் குட்டிக் குட்டி வளையல்களாகச் சிதறிக் கிடக்கும். சல்லடையைப் பிடித்தாலும் அதேதான்.

தாம்பாளத்தில் தண்ணீர் வைத்து உலக்கையை நிறுத்திப் பார்த்த வீடுகளும் உண்டு. கிரகண நேரத்தில் மட்டும் உலக்கை தானே நிற்கும் என்பது நம்பிக்கை. அடிப்பாகம் தட்டையான உலக்கை பொறுமையாக நிறுத்தினால் எந்த நாளும் நிற்கும் என்பதை அறிவியல் இயக்கத்தார் பல மேடைகளில் நிறுத்தியே காட்டியிருக்கிறார்கள். கோயில் நடைகள் சாத்தப்பட்டன. கர்ப்பிணிகள் வெளியே வரவில்லை. ஒரே தெருவில் ஒரு வீட்டு மாடியில் கண்ணாடி, அடுத்த வீட்டில் சாத்திய கதவு. பார்த்தவர்களின் எண்ணிக்கை முந்தைய கிரகணங்களைவிடக் கூடியிருந்தது என்பது தெருவில் நின்ற எவருக்கும் தெரிந்தது.

அடுத்த ஆண்டே கொரோனா என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் வந்தது. மெஷின்கள் நின்றன, வடமாநிலத் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். அந்தத் துயரமான 2020-இல்தான் ஜூலையில் நியோவைஸ் வால்வெள்ளி மாலை வானில் வந்தது. டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் வானில் ஒன்றையொன்று தொடுவதுபோல் நெருங்கி நின்றன. அவை அவ்வளவு நெருக்கமாக வந்தது 1623-க்குப் பிறகு அதுவே முதல் முறை.

வானம் பார்க்கக் கூடுவதற்கு ஆய்வகம் வேண்டியதில்லை என்று உலகத்துக்குக் காட்டியவர் ஜான் டாப்சன். சான் பிரான்சிஸ்கோவில் வேதாந்த மடத்தில் இருபத்து மூன்று ஆண்டு சன்னியாசியாக இருந்தவர். கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்து, ஒட்டுப்பலகைப் பெட்டியில் பொருத்தி, தெருமுனையில் வைத்துப் போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சந்திரனைக் காட்டினார். 1968-இல் அவரைச் சுற்றி உருவான நடைபாதை வானியலாளர் குழுவின் வழியாக அந்த வகைத் தொலைநோக்கி உலகெங்கும் பரவியது. தமிழ்நாட்டிலும் பி.வி.சி. குழாயில் ஆடி பொருத்தித் தாங்களே தொலைநோக்கி செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். லேத்தும் வெல்டிங்கும் மூலைக்கு மூலை இருக்கும் திருப்பூரில் அதன் தாங்கியைச் செய்வது ஒரு நாள் வேலை.

இடம்தான் முக்கியம். நகரின் வெளிச்சத்தை விட்டுத் தெற்கே போக வேண்டும். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடைப்பட்ட கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்கள், மூலனூர்ப் பக்கம், உடுமலையைத் தாண்டித் திருமூர்த்தி மலை, அமராவதி அணைச் சுற்றுப்புறம் என்று இருட்டு இன்னும் மிச்சமிருக்கும் இடங்கள் மாவட்டத்துக்குள்ளேயே உண்டு. வனத்துறை எல்லைக்குள் என்றால் அனுமதி வாங்காமல் போகக் கூடாது. ஜூன் முதல் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேகத்தைத் தள்ளிக்கொண்டு வரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. தை முதல் சித்திரைவரை வானம் தெளிவு. சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறு விடுமுறை என்கிற ஊருக்கு, அமாவாசையை ஒட்டிய சனி இரவைவிட வசதியான இரவு கிடையாது.

இருட்டில் கண் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொள்வது, செல்பேசித் திரையை அணைத்துவிடுவது, வண்டி விளக்கைத் தூரத்திலேயே நிறுத்துவது ஆகியவை கூடுகிறவர்களுக்கிடையே எழுதாத சட்டம். அதன் பிறகு தெரிவது, ஊருக்குள்ளேயே வளர்ந்த பிள்ளைகளுக்குப் புது வானம். சித்திரை, வைகாசி மாதங்களில் முன்னிரவில் தெற்கே தென்சிலுவை முழுதாக நிற்கும். ஐரோப்பியர் அதைப் பார்க்கக் கடல் கடந்து போக வேண்டும். துருவ நட்சத்திரத்தையும் தென்சிலுவையையும் ஒரே இடத்தில் நின்று ஒரே இரவில் பார்க்கக் கொடுத்துவைத்த அட்சரேகை நம்முடையது. சிறிய தொலைநோக்கியில் சந்திரனின் வெளுத்த மேட்டு நிலத்தைக் காட்டும்போது பிள்ளைகளிடம் சொல்ல ஒரு செய்தியும் இருக்கிறது: அந்த மேடுகளில் உள்ள அனார்த்தோசைட் வகைப் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கிறது. சந்திரயான் சோதனைக்கான செயற்கை நிலவு மண்ணை இஸ்ரோ அங்கிருந்து எடுத்த பாறையில்தான் தயாரித்தது.

படமெடுக்க விரும்புகிறவர்களுக்கு முக்காலி, பொறுமை இரண்டும் போதும். பதினைந்து இருபது விநாடி திறந்து வைத்தால் கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரங்களும் பதியும். அதற்கு மேல் திறந்து வைத்தால் பூமி சுற்றுவதால் புள்ளிகள் கோடாக நீளும். அதையே விரும்பி, நூற்றுக்கணக்கான படங்களை அடுக்கி வட்ட வட்டமாகக் கோலம் போட்டதுபோல் செய்கிறவர்களும் உண்டு. பால்வெளியின் நடுப்பகுதியைப் பிடிக்க மாசி, பங்குனியில் விடிகாலை எழ வேண்டும். தொட்டபெட்டாவில் ஈரத் தகட்டோடு ஓடியவர்களின் வாரிசுகள் இவர்கள்.

பெரிய தொலைநோக்கி பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஜவ்வாது மலையில் காவலூருக்குப் போகலாம். 1986-இல் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. வானியலாளர் வைணு பாப்புவின் கனவு அது. சனிக்கிழமைகளில் பொதுமக்களுக்கு அனுமதி உண்டு. அதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம், நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தின் நேர் வாரிசு. 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தில் கொரோனாவைப் பார்க்கும் கருவியைச் செய்து கொடுத்ததும் இதே நிறுவனம்தான். அந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி. அவிநாசியில் இரண்டு நிமிடம் பார்க்கக் கிடைத்த ஒன்றை, கிரகணத்துக்குக் காத்திராமல் அந்தக் கருவி நாள் முழுக்கப் பார்க்கிறது.

நுங்கம்பாக்கத்தில் பழைய வானாய்வகம் இருந்த இடத்தில், இன்றைய வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள், 1792-ஆம் ஆண்டுக் கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. அதில் தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுத்து வெட்டியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டு கடந்து பார்ப்பவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று கல்லைத் தேர்ந்தார்கள். அவிநாசியில் அப்படி ஒன்றும் இல்லை.

தமிழ்நாட்டில் அடுத்த கங்கண கிரகணம் 2031 மே 21, புதன்கிழமை, கத்திரி வெயிலில் நண்பகலை ஒட்டி வருகிறது. தேனி, மதுரை, காரைக்குடி வழியாக நிழல் போகும். மையக் கோட்டில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வளையம் நிற்கும். திருப்பூரில் பகுதிக் கிரகணமாகத்தான் தெரியும் என்றாலும், அதிகாலை பஸ் ஏறினால் மதுரைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்த நாளுக்குள் மாவட்ட நிர்வாகமோ, பள்ளிகளோ, ஏற்றுமதியாளர்களோ, வானம் பார்க்கக் கூடும் இளைஞர்களோ யாராவது முன்வந்து அவிநாசியில் ஒரு கல் நட வேண்டும். அதில் 1871 டிசம்பர் 12 என்ற தேதியும், சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்ற பெயரும், அன்று காலை இங்கே சூரியனைப் பார்த்தார்கள் என்ற ஒரு வரியும் இருந்தால் போதும்.